மண்ணடியில் ஓர் ஆடி வெள்ளி: வழிமாறிப் போன 16,25,000 ரூபாய்

மண்ணடி, தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் இருக்கும் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர், நெட்வொர்க், மெயில் மூன்றையும் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினான்கு வருஷமாகச் செய்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள். கப்பலில் வந்த சரக்கைச் சுங்கத்தில் காட்டி, வரி கட்டி, சரக்கை விடுவிக்கக் கப்பல் நிறுவனம் தரும் டெலிவரி ஆர்டர் (டி.ஓ.) எடுத்து, கன்டெய்னரை இறக்குமதியாளரின் கிடங்குக்கு அனுப்பிவைப்பவர்கள் இவர்கள். கஸ்டம்ஸ் ஹவுஸ் ராஜாஜி சாலையில் இருப்பதால் அப்பா, மகன், பேரன் என்று இந்தத் தெருக்களை விட்டு நகராமல் தொழில் செய்கிறார்கள்.

அப்படி ஓர் அலுவலகத்தில் 2025 ஆடி மாதம் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். அலுவலகம், ஆட்கள், வங்கிகள் யார் பெயரும் இதில் வராது. உரிமையாளரே எழுதச் சொன்னார். "நம்ம தெருவுல இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது தம்பி, எழுதிடு" என்றார். அந்த அலுவலகத்தின் மெயிலைப் பார்த்துக்கொண்டவன் நான்தான். அதனால் என் தவறும் இதில் இருக்கிறது.

எப்படி உள்ளே வந்தார்கள்

மொத்தம் பதினொரு பேர். உரிமையாளரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கு பார்ப்பவர் பதினெட்டு வருஷமாக அங்கேயே இருக்கும் ஓர் அக்கா. டாக்குமென்டேஷனுக்கு மூன்று பையன்கள். மற்றவர்கள் துறைமுகம், கன்டெய்னர்களை வைக்கும் சி.எஃப்.எஸ். நிலையம், ஷிப்பிங் லைன் அலுவலகம் என்று நாள் முழுக்க வெளியே அலைபவர்கள்.

டாக்குமென்டேஷன் பையனின் வேலை என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். காலை ஒன்பதரையிலிருந்து மாலை வரை அவனுக்கு மெயில் வந்துகொண்டே இருக்கும். கப்பல் வருகிறது என்ற அரைவல் நோட்டீஸ், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் நகல். பாதி மெயில்கள் அவன் முன்பின் பார்த்திராத முகவரிகளிலிருந்து வரும். ஷாங்காயிலோ துபாயின் ஜெபல் அலியிலோ இருக்கும் ஏதோ ஓர் ஏஜென்டின் ஆள் அனுப்பியிருப்பார். அதைத் திறக்காமல் விட்டால் கன்டெய்னர் நிற்கும், டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறும், பாய் சத்தம் போடுவார். 'தெரியாதவர் அனுப்பிய இணைப்பைத் திறக்காதீர்கள்' என்று சைபர் பாதுகாப்பு வகுப்புகளில் சொல்கிறார்களே, அந்த அறிவுரை இவனுக்குச் சுத்தமாகப் பயன்படாது. தெரியாதவர் அனுப்பியதைத் திறப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளமே.

ஆனி கடைசி வாரத்தில் ஒரு மெயில் வந்தது. தலைப்பில் அரைவல் நோட்டீஸ் என்று இருந்தது. கப்பலின் பெயர் உண்மையானது, அந்த வாரம் சென்னைக்கு வரவிருந்த கப்பல்தான். இணைப்பைத் திறந்ததும் மெயில் சேவையின் லாகின் பக்கம் வந்தது. அந்தச் சேவை அவ்வப்போது மறுபடி லாகின் கேட்பது வழக்கம் என்பதால் அவனும் கடவுச்சொல்லைப் போட்டான். பக்கம் ஒரு நொடி சுழன்றுவிட்டு வெறும் பி.டி.எஃப். ஒன்றைக் காட்டியது. அடுத்த மெயிலுக்குப் போய்விட்டான். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் கிடையாது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அவன் போட்டது அலுவலகத்தின் பொது மெயில் பெட்டியின் கடவுச்சொல். நான்கு பேர் அந்தப் பெட்டியைப் பயன்படுத்தினார்கள். அதில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட வேண்டும் என்று ஒரு வருஷம் முன்பே பாயிடம் சொன்னேன். ஓ.டி.பி. யார் போனுக்கு வரும், அந்த ஆள் துறைமுகத்துக்குப் போய்விட்டால் மற்றவர்கள் என்ன செய்வது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு வழி உண்டு. ஆளுக்கொரு தனி லாகின் கொடுத்து, அந்தப் பெட்டியைப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கு மாதா மாதம் கூடுதல் கட்டணம் ஆகும். 'அப்புறம் பார்க்கலாம்' என்றார் பாய். நானும் 'சரி' என்று விட்டுவிட்டேன். அந்த 'சரி'யை நான் சொல்லியிருக்கக் கூடாது.

இருபத்திரண்டு நாள் காத்திருப்பு

உள்ளே வந்தவர்கள் எதையும் பூட்டவில்லை, எதையும் அழிக்கவில்லை. படித்தார்கள். பிறகு மெயில் சேவையின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது இருபத்திரண்டு நாளாக ஒரு வெளிநாட்டு முகவரியிலிருந்து யாரோ தினமும் அந்தப் பெட்டிக்குள் வந்து போயிருப்பது தெரிந்தது. யார் எவ்வளவு கட்டுகிறார்கள், அக்கா எந்த மாதிரி வாக்கியத்தில் பணம் கேட்பார், லெட்டர்ஹெட்டில் ஜி.எஸ்.டி. எண் எந்த இடத்தில் இருக்கும் என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது நாளே ஒரு மெயில் ரூல் போட்டுவிட்டார்கள். மணலிப் பக்கம் கிடங்கு வைத்திருக்கும் ஒரு குறிப்பிட்ட இறக்குமதியாளரிடமிருந்து என்ன மெயில் வந்தாலும் அது இன்பாக்ஸில் நிற்காமல், படித்ததாகக் குறிக்கப்பட்டு, ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். அந்த ஃபோல்டரை நான் உட்பட யாரும் திறந்தே பார்த்ததில்லை. இந்த வகை மோசடியில் உலகம் முழுக்க இதே ஃபோல்டரைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் அலுவலக மெயிலில் ரூல்ஸ் பகுதியைத் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் போதும். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு டொமைன், அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர், வாங்கினார்கள். அலுவலகத்தின் பெயரில் எம் (m) என்ற ஆங்கிலச் சிறிய எழுத்து ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டு ஆர், என் (rn) இரண்டையும் ஒட்டிப் போட்டார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. செல்போனில் கேட்கவே வேண்டாம்.

இந்த வித்தை எங்கள் கடற்கரைக்குப் பழைய கதை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அடுத்த மாதம் பினாங்குக்குள் நுழைந்தபோது அது நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பலான யார்மவுத்தைப் போலத் தன்னைக் காட்டிக்கொண்டது. பார்த்தவர்கள் நம்மவர் கப்பல் என்று நினைத்தார்கள். தந்திரக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் அந்தக் கப்பல் நமக்கு விட்டுப்போனது. பாயிடம் அந்த ஆர், என் விஷயத்தைக் காட்டியபோது அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையும் அதுதான்.

வியாழனும் வெள்ளியும்

அந்த இறக்குமதியாளருக்கு மூன்று கன்டெய்னர் வந்திருந்தது. சுங்க வரிக்கான பணத்தைக் கிளியரிங் ஏஜென்ட் கணக்குக்கு அனுப்புவார், ஏஜென்ட் கட்டுவார். பல வருஷப் பழக்கம் அது.

வியாழக்கிழமை காலை இறக்குமதியாளரின் கணக்காளருக்கு ஒரு மெயில் போனது. அது அலுவலகத்தின் உண்மையான பெட்டியிலிருந்தே போனது. எங்கள் வழக்கமான கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்த முறை எங்கள் சகோதர நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்புங்கள், விவரம் இணைப்பில் உள்ளது என்று எழுதியிருந்தது. லெட்டர்ஹெட், முத்திரை, ஜி.எஸ்.டி. எண் எல்லாம் சரி. கணக்கு எண் மட்டும் வேறு. பதில் அனுப்பினால் அந்தப் போலி டொமைனுக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். அனுப்புநரைச் சரிபார்க்க எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் என்று மூன்று ஏற்பாடுகள் உண்டு. அந்த அலுவலகத்துக்கு மூன்றையும் நான் முறையாகவே போட்டிருந்தேன். மெயில் உண்மையான பெட்டியிலிருந்து போனதால் மூன்றுமே 'சரி' என்று சொல்லிவிட்டன. பூட்டு நல்ல பூட்டுதான். சாவி அவர்கள் கையில் இருந்தது.

வங்கியிலும் ஒரு தடுப்பு உண்டு. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் மூலம் பணம் அனுப்பும்போது, பெறுபவரின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவு போட்டிருந்தது. இறக்குமதியாளரின் வங்கியில் அந்த வசதி வந்திருந்தது. கணக்காளர் எண்ணைப் போட்டதும் ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயர் வந்தது. அவர் அதைக் கவனித்திருக்கிறார். ஆனால் 'சகோதர நிறுவனம்' என்று மெயில் முன்பே சொல்லிவைத்திருந்ததே. பெயர் மாறியிருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தார், அதனால் சந்தேகம் வரவில்லை. ஒரு தடுப்பு வந்தால், அடுத்த மாதமே அதற்கு ஒரு பதிலைத் தயாரித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

வியாழன் பிற்பகல் 2.50-க்கு 9,40,000 ரூபாய் போனது. பணம் அனுப்பிவிட்டோம் என்ற மெயில் போலி டொமைனுக்குப் போனது. நன்றி, ஃப்ரைட் என்ற கப்பல் கூலி, டெலிவரி ஆர்டர், சி.எஃப்.எஸ். கட்டணங்களுக்கான தொகையையும் அதே கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. வெள்ளி பகல் 12.20-க்கு 6,85,000 போனது.

இந்தப் பக்கம், வரிப் பணம் வரவில்லையே என்று அக்கா வியாழன் மாலையே கவனித்துவிட்டார். ஆனாலும் கேட்கவில்லை. இருபது வருஷப் பார்ட்டியை ஒரு நாள் தாமதத்துக்காக நெருக்குவது இந்தத் தெருவில் வழக்கமில்லை. அந்த மரியாதைதான் மோசடிக்காரர்களுக்கு ஓர் இரவைக் கொடுத்தது.

அந்த வெள்ளி ஆடி மூன்றாம் வெள்ளி. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் கூட்டம், ஒலிபெருக்கி, கூழ் அண்டா. பாதிப் பேர் மதியத்துக்கு மேல்தான் வந்தார்கள். மாலை 3.40-க்கு இறக்குமதியாளரின் ஆள், ஷிப்பிங் லைன் வரிசையில் நின்றுகொண்டிருந்த எங்கள் பையனுக்கு வாட்ஸ்அப்பில் யூ.டி.ஆர். என்ற பணப் பரிமாற்ற அடையாள எண்ணை அனுப்பி, "ரெண்டு பேமென்ட்டும் போட்டாச்சே, டி.ஓ. எடுத்தாச்சா?" என்று கேட்டார். பையன் அதை அக்காவுக்குத் தட்டிவிட்டான். அக்கா வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. உடனே போனை எடுத்தார். இரண்டு பேரும் பேசிய மூன்றாவது நிமிஷத்தில் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. வியாழன் காலை அந்தக் கணக்காளர் இதே போனை எடுத்திருந்தால் அந்த மூன்று நிமிஷம் அப்போதே போதுமாக இருந்திருக்கும்.

1930

எனக்குப் போன் வந்தபோது நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில்லிங் மிஷினோடு இருந்தேன். வண்டியை எடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அக்கா, போலீஸ் ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம். வங்கிக்கும் அப்புறம் போகலாம். இப்பவே 1930-க்கு அடிங்க. பார்ட்டியையும் அடிக்கச் சொல்லுங்க."

1930 என்பது சைபர் மோசடியில் பணம் போனால் புகார் சொல்லும் போன் எண். பணம் இறக்குமதியாளரின் கணக்கிலிருந்து போனதால் புகாரை அவர் பக்கம்தான் கொடுக்க வேண்டும். 3.58-க்கு அவருடைய கணக்காளருக்கு இணைப்பு கிடைத்தது. எதிர்முனையில் தமிழில் பேசினார்கள். எந்த வங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யூ.டி.ஆர். எண் என்ன என்று கேட்டார்கள். வேறு கதை எதுவும் கேட்கவில்லை. பதின்மூன்று நிமிஷத்தில் புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது. இருபத்திநான்கு மணி நேரத்துக்குள் சைபர் கிரைம் இணையதளத்தில் முழு விவரங்களையும் பதிய வேண்டும் என்று சொன்னார்கள்.

இந்த எண்ணுக்குப் பின்னால் நடப்பது பலருக்குத் தெரியாது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2021-இல் தொடங்கிய அமைப்பு இது. நீங்கள் சொல்லும் விவரம் ஒரு டிக்கெட்டாகி, பணம் போன வங்கியின் திரைக்கு நேராகப் போய்ச் சேருகிறது. பணம் அங்கேயே இருந்தால் அதன் மேல் லியன் போட்டு நிறுத்திவைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போய்விட்டிருந்தால் டிக்கெட்டும் பின்னாலேயே போகும். காகிதமும் கையெழுத்தும் இல்லாமல் வங்கியிலிருந்து வங்கிக்கு ஓடும் ஒரு துரத்தல்.

திருடனின் பணமும் அதே வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் சங்கடம். முன்பெல்லாம் ஆர்.டி.ஜி.எஸ். மாலையோடு மூடிவிடும். 2019 டிசம்பரில் நெஃப்ட்டும், 2020 டிசம்பரில் ஆர்.டி.ஜி.எஸ்.ஸும் இருபத்திநான்கு மணி நேரமும் ஓடத் தொடங்கின. தொழில் செய்பவர்களுக்கு அது பெரிய வரம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வியாழன் போன 9,40,000 அன்றிரவே ஏழு கணக்குகளாகப் பிரிந்து, அவற்றில் பெரும்பகுதி ஏ.டி.எம். வழியாகவும் மேலும் பல கணக்குகள் வழியாகவும் கரைந்துவிட்டது. அதில் 38,000 மட்டும் சிக்கியது. வெள்ளி போன 6,85,000-இல் 6,10,000 நின்றது. முதல் பணத்துக்கும் புகாருக்கும் இடையே இருபத்தைந்து மணி நேரம். இரண்டாவதற்கு மூன்றரை மணி நேரம். அந்த வித்தியாசம்தான் இந்த இரண்டு தொகைகளிலும் தெரிகிறது.

இறக்குமதியாளரின் வங்கிக் கிளையில் முதலில் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். லெட்டர்ஹெட் கிடங்கில் இருக்கிறது, முதலாளி ஊரில் இல்லை என்று இருபது நிமிஷம் போனது. நல்லவேளையாக 1930 டிக்கெட் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதனால்தான் முதலில் 1930, பிறகு கிளை என்று எல்லா அலுவலகத்திலும் சொல்லிவருகிறேன்.

ஆறு மணி நேர விதி

நான் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை. பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றி, திறந்திருந்த எல்லா லாகின்களையும் வெளியேற்றினேன். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அப்படியே இருக்கலாம். ரூலை எடுப்பதற்கு முன் அதைப் படம் பிடித்துவைத்தேன். சுங்கத்தின் ஐஸ்கேட் இணையதளத்தில் தாக்கல் செய்ய, டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் டாங்கிள் என்ற சின்னக் கருவி வேண்டும். அது அந்த அலுவலகத்தில் இரவு பகல் பாராமல் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடக்கும். இந்த முறை திருடர்கள் கம்ப்யூட்டருக்குள் வரவில்லை, மெயிலுக்குள் மட்டுமே வந்தார்கள். வந்திருந்தால் பாயின் கையெழுத்தையும் போட்டிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

அடுத்தது செர்ட்-இன். கம்ப்யூட்டர் அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் அமைப்பு இது, 2004 முதல் இயங்குகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று அது ஓர் உத்தரவு போட்டது. சைபர் தாக்குதல் நடந்தது தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கருவிகளின் கடிகாரமும் அரசின் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். பெரிய கம்பெனிகளுக்குத்தான் இது என்று நம் தெருவில் எல்லோரும் நினைக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் நிறுவனம் என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் தனிநபர் நடத்தும் தொழிலும் கூட்டு நிறுவனமும் வருகின்றன. ஆக, மாடிப்படி ஏறிப் போகும் இரண்டு அறை அலுவலகத்துக்கும் இது உண்டு.

இரவு எட்டரைக்குத் தகவல் அனுப்பினேன். 3.40-இலிருந்து கணக்குப் போட்டால் நேரத்துக்குள்தான். அடுத்த வாரம் ஒரு குறிப்பு எண்ணோடு பதில் வந்தது. அதன் பிறகு நான் பராமரிக்கும் அலுவலகங்களில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். அந்த விதியைப் பற்றி ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஜி.எஸ்.டி. தாக்கல் தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்பவர்கள் அவர்கள். ஒரு விதி தெருவுக்கு வந்து சேர வேண்டும் என்றால் யாராவது வந்து அதைத் தமிழில் சொல்ல வேண்டும். வணிகர் சங்கங்களுக்கும் அரசுக்கும் என் கோரிக்கை இதுதான்.

கடிகார விதி எவ்வளவு முக்கியம் என்பதை அன்றிரவு புரிந்துகொண்டேன். அலுவலக ரவுட்டரின் பதிவைத் திறந்தால் 1970 ஜனவரி 1 என்று தேதி காட்டியது. அதற்கு யாரும் நேரம் வைக்கவே இல்லை. வைத்திருக்க வேண்டியவன் நான். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று போலீசுக்கு எழுதிக்கொடுக்க அந்தப் பதிவு ஒன்றுக்கும் உதவவில்லை. மெயில் சேவையின் பதிவுகளை மட்டும் வைத்துத்தான் காலவரிசையை எழுதினோம்.

கப்பலுக்கு ஒரு கண், காகிதத்துக்கு?

கடல் வணிகத் துறை சைபர் தாக்குதலைப் பெரிய அளவில் பார்த்த துறை. 2017 ஜூன் 27 அன்று, உக்ரைனின் ஒரு கணக்கு மென்பொருள் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற வைரஸ், மெர்ஸ்க் என்ற உலகின் மாபெரும் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக அமைத்ததாக அதன் தலைவர் பிறகு சொன்னார். 25 முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம். 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகம் லாக்பிட் என்ற ரான்சம்வேரால் (கம்ப்யூட்டரைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) இரண்டு நாளுக்கு மேல் கன்டெய்னர் கையாள முடியாமல் நின்றது. அதே வருஷம் நவம்பரில் ஆஸ்திரேலியாவில் டி.பி. வேர்ல்டு என்ற நிறுவனத்தின் துறைமுக முனையங்கள் நின்று, சுமார் 30,000 கன்டெய்னர்கள் தேங்கின.

துறையும் பதில் செய்தது. கப்பல்களின் பாதுகாப்பு மேலாண்மையில் சைபர் ஆபத்தையும் சேர்க்க வேண்டும் என்ற சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தீர்மானம் 2021-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இன்று சென்னைத் துறைமுகத்துக்குள் வரும் கப்பலின் கேப்டனிடம் சைபர் நடைமுறை பற்றிய ஓர் ஆவணம் இருக்கும். அந்தக் கப்பலின் சரக்குக்கான காகிதம் பார்க்கும் மண்ணடி அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினார்கள்.

உலகச் செய்தியாவது ரான்சம்வேர். சத்தமில்லாமல் பணத்தைக் கொண்டுபோவது நம் வழக்கைப் போன்ற மெயில் மோசடி. 2024-இல் மட்டும் இந்த வகையில் சுமார் 277 கோடி டாலர் போனதாகத் தன்னிடம் புகார்கள் வந்திருக்கின்றன என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணக்குச் சொல்கிறது. நம் நாட்டில் எல்லா வகை சைபர் மோசடியும் சேர்த்து 2023-இல் 7,465 கோடி ரூபாய், 2024-இல் 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு.

யார் தாங்குவது

மீதி 9,77,000 யாருடைய நஷ்டம் என்று பேச்சு வந்தது. மெயில் உங்கள் பெட்டியிலிருந்துதானே வந்தது என்றார் இறக்குமதியாளர். கணக்கு எண் மாறும்போது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்றார் பாய். இரண்டும் சரிதான். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதிக்காத பரிவர்த்தனையை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அவருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. இங்கே பணத்தை அனுப்பியது கணக்காளரே, ஓ.டி.பி.யையும் அவரே போட்டார். அதனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஏமாற்றப்பட்டு அனுப்பியதையும் திருடப்பட்டதாகவே பார்க்கும் காலம் வர வேண்டும் என்பது என் கருத்து. குறைந்தபட்சம், பணம் போய்ச் சேர்ந்த கணக்கைச் சரியாக விசாரிக்காமல் திறந்துகொடுத்த வங்கியும் ஒரு பங்கைத் தாங்க வேண்டும்.

வழக்கு பதிவானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளும் பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவும். சைபர் கிரைம் பிரிவில் எங்களை மரியாதையாக நடத்தினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பணம் முதலில் இறங்கிய கணக்கு வேறு மாநிலத்தில் தினக்கூலிக்குப் போகும் ஓர் இளைஞரின் பெயரில் இருந்தது. மாதம் சில ஆயிரம் தருகிறோம் என்று சொல்லி, அவர் பெயரில் ஒரு டிரேடர்ஸ் கணக்கைத் திறக்கவைத்து, கார்டையும் சிம்மையும் வாங்கிக்கொண்டார்களாம். இதே பேச்சு நம் பகுதிப் பையன்களிடமும் வருகிறது. கணக்கை வாடகைக்குக் கொடுப்பவர்தான் முதலில் கைதாவார், பின்னால் இருப்பவர் முகம்கூட யாருக்கும் தெரியாது. வீட்டில் வேலை தேடும் தம்பி இருந்தால் இன்றைக்கே உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்.

கடைசியில் நஷ்டத்தைப் பாதி பாதியாக ஏற்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அதற்குள் மூன்று கன்டெய்னருக்கும் டிடென்ஷன் ஏறியிருந்தது. சுங்க வரி தாமதமானதற்கு வட்டியும் சேர்ந்தது. அதைப் பாயே ஏற்றுக்கொண்டார்.

இப்போது அந்த அலுவலகத்தில் ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. மாதச் செலவு கூடியிருக்கிறது, பாய் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. டாங்கிள் மாலையில் அக்காவின் பீரோவுக்குள் போகிறது. இன்வாய்ஸின் அடியில், எங்கள் வங்கிக் கணக்கு மாறாது, மாறினால் நேரில் வந்து சொல்வோம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருக்கிறார்கள். போனுக்குப் பக்கத்தில் கறுப்பு அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பார்ட்டியிடமும் யாரிடம் பேச வேண்டும், எந்த எண்ணில் பேச வேண்டும் என்று அக்கா கையால் எழுதிவைத்திருக்கிறார். கணக்கு எண் மாறியதாக எது வந்தாலும், மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு நோட்டில் இருக்கும் எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 1930.

நிறுத்திவைக்கப்பட்ட பணம் திரும்பி வருவதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. மனுப் போட்டு, வங்கிகளிடமிருந்து பதில் வாங்கி, 6,10,000 ரூபாய் மார்கழியில் இறக்குமதியாளரின் கணக்குக்கு வந்தது. பதின்மூன்று நிமிஷத்தில் தொடங்கிய துரத்தல், பணத்தை வீட்டுக்குக் கொண்டுவர ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. 38,000 இன்னும் நிற்கிறது. அது நிற்கும் கணக்கின் மேல் வேறு இரண்டு மாநிலங்களின் புகாரும் இருப்பதால், அது யாருடைய பணம் என்பது முடிவாகவில்லை. அடுத்த வாய்தா மாசியில்.